இருங்கோ

"வீட்டிலேயே இருங்கோ, வெளியில வராதேங்கோ"
என்றபடி ஓட்டோ
மாங்குளம் சந்தியில் திரும்பிப் போனது.
அதில் கட்டியிருந்த ஒலிபெருக்கி என்னுடையது.
நாள் வாடகை ஆயிரத்து இருநூறு.
பிரதேச சபை இன்னும் தரவில்லை.

இருக்கச் சொல்வதுதான் என் தொழில்.
நானூற்றுப் பத்துக் கதிரை, ஆறு பந்தல்,
மூன்று கிடாரம், இருமுகிற ஒரு ஜெனரேற்றர்,
லீசிங்கில் எடுத்த பட்டா வாகனம்.
ஊர் ஓரிடத்தில் கூடி இருந்தால்
நான் ஓடலாம்.
ஊர் தன்தன் வீட்டில் இருந்தது.
கொட்டிலுக்குள் என் கதிரைகள்
பத்துப் பத்தாய், ஒன்றின் மடியில் ஒன்று.
இந்தப் பக்கத்தில் இடைவெளி பேணாத கூட்டம்
அது மட்டும்தான்.

"இதைவிடப் பெரிசெல்லாம் கண்டனாங்கள் தம்பி"
என்றார் சைக்கிள் கடைப் பவளராசா
லீசிங் பொடியனிடம்,
எனக்காகக் கதைப்பதாக நினைத்து.
கண்டனாங்கள்தான்.
அப்போது எழும்பு எழும்பு என்றார்கள்,
எழும்பினோம்.
பானையோடு, பாயோடு, எழும்பத் தெரிந்த கால்கள் இவை.
இருந்த இடத்தில் இருந்துகொண்டு
மாதம் முப்பத்தெட்டாயிரம் கட்ட
ஒருத்தரும் எங்களைப் பழக்கவில்லை.
பொடியன் குனிந்தபடி துண்டெழுதினான்.
முகக்கவசத்துக்கு மேலே அவன் கண்ணிலும்
மாத முடிவு தெரிந்தது.

மூன்றாம் மாதம்
அறுபது கதிரையை வவுனியா விடுதிக்காரருக்கு விற்றேன்.
கை வைத்தவை, வெள்ளை, கீறல் விழாதவை.
விற்கப் போனால் நல்லதைத்தான் கேட்பார்கள்.

பிறகு செத்தவீட்டுக்குப் பதினைந்து பேர் என்று வந்தது.
பதினைந்து கதிரைக்குப் பட்டாவை எடுத்தால்
டீசலுக்கும் காணாது.
கஜீபன் லாண்ட்மாஸ்ரரில் கட்டிக்கொண்டு போனான்.
அழுகிற வீட்டில் காசு கேட்க
எனக்கு ஒருநாளும் வராது. அந்த வருசம் வந்தது.

ஒரு இரவு கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது
கணக்கு மாறியது.
ஆளுக்கு ஆள் ஒரு மீற்றர் என்றால்
நூறு பேர் பந்தல் முப்பதுக்குத்தான் கொள்ளும்.
கதிரை குறையும், தறப்பாள் கூடும்.
கதிரைக்கு விலையைப் பாதியாக்கினேன்,
பந்தலுக்கு ஏற்றினேன்.
நடுவில் கிடந்த வெறும் இடத்தை
நான் வாடகைக்கு விட்டேன்.
யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்
என்ன சொல்லியிருப்பேனோ.

ஊசி போட என்று பி.எச்.ஐ. ஐயா
நூற்றிருபது கேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்தார்.
வந்தது நூற்றுப் பதின்மூன்று.
ஒன்றுவிட்டு ஒன்றில் மஞ்சள் பெயின்றில் புள்ளடி.
மண்ணெண்ணெய் போட்டேன், சவுக்காரம், சாம்பல்,
பிளாஸ்ரிக் வெளிறியது, புள்ளடி வெளிறவில்லை.
வவுச்சர் காசு எட்டு மாதம் கழித்து வந்தது.
அதற்குள் டீசல் விலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது.

இப்போது ஒலுமடுவில் கேமலதா மகளின் கலியாணம்.
சொன்னது முந்நூறு பேருக்கு.
கேட்டைத் தாண்டி மோட்டார் சைக்கிள்கள்,
குழந்தைகள், வரமாட்டோம் என்ற சம்பந்திகள்,
புள்ளடிக் கதிரைகளில் ஆட்கள்
நெருக்கி நெருக்கி, முழங்கை இடிக்க.
கஜீபன் ஓடி வந்தான்:
"அக்கா, கதிரை காணாது."

இந்தச் சொல்லைக் கேட்கத்தான்
எத்தனை பூசைக்குக் காசு போட்டேன்.
ஒரு மூச்சளவு சந்தோசப்பட்டேன்.
அடுத்த மூச்சில்
அந்த அறுபதும் வவுனியாவில்
யாரையோ இருத்தி வைத்திருப்பது தெரிந்தது.

ஒட்டுசுட்டான் வரை மிதித்தேன்.
அருமைத்துரை, என் போட்டிக்காரர்,
என் விலையை ஐந்து ரூபாவால் வெட்டியே வளர்ந்தவர்,
கொட்டிலைத் திறந்துவிட்டார்.
அவருடையதிலும் மஞ்சள் புள்ளடி.

"கலந்து போகும்" என்றேன்.
"போகட்டும். முற்பணம்?"
"நாளைக்கு."
அவர் என்னையும் பட்டாவையும் பார்த்தார்.
கொப்பி எடுக்க உள்ளே போகும்போது
ஒரு கதிரையைத் தட்டி முன்னால் இழுத்துவிட்டு,
"இருங்கோ" என்றார்.

நேரமில்லை அண்ணை,
அங்கே சனம் நிற்கிறது.