குதிகால் மச்சம்

ஊட்டி பெரியாஸ்பத்திரியில்
தொண்டை வழியே விளக்கை இறக்கி
உள்ளே எடுத்த படத்தைக் காட்டினார் டாக்டர் ஷெரின்.
மழை விட்ட மறுநாள் சேரம்பாடி ரோடு போல
ஈரமாய், மடிப்பு மடிப்பாய், என் இரைப்பை.
அங்கங்கே கறுப்பு.
மிளகு என்று நினைத்தேன். மிளகு இல்லை,
விரலில் அப்பிய தேர்தல் மை.

"இது இங்கே முளைத்ததில்லைக்கா,
எங்கிருந்தோ வந்தது.
உடம்பில் எங்கேயாவது மச்சம் எடுத்தீங்களா?"

இடது குதிகால். ஆறு வருஷம் இருக்கும்.
அட்டை கடித்த வடு என்று நான் விட்டுவிட்டேன்.
சுண்ணாம்பு தடவச் சொன்னாள்
பக்கத்து லைன் யோகமலர்.
உள்ளங்காலில் மச்சமிருந்தால் தேசாந்திரம் போவாளாமே,
சிரித்தார் என் வீட்டுக்காரர்,
"இனி எங்கே போவே? செக்போஸ்ட் தாண்டினா கேரளா."

நான் எங்கேயும் போகவில்லை.
அதே சரிவு, அதே நிரை,
முதுகில் இருபது கிலோ பச்சை.
அது போயிருக்கிறது.
வெட்டி எடுப்பதற்கு முன்பே கிளம்பி,
தொடை மடிப்பில் தங்கி,
எந்த வண்டி மாறியதோ,
சோறு விழும் இடத்துக்கு.

"ரொம்ப அபூர்வம். என் சர்வீஸில் இதுதான் முதல்."
படிக்கிற பிள்ளைகள் வரிசையாய் வந்து பார்த்தார்கள்.
ஒருத்தி என் பெயரைச் சரியாக எழுத
இரண்டு தடவை கேட்டாள்.
என் பெயரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

பூர்வீகம்தான் கேட்டிருக்கிறார்கள்.
பிறந்த நுவரெலியாவில் இந்தியாக்காரி.
ஐந்து வயசில் தலைமன்னாரில் கப்பலேறி
மண்டபம் கேம்பில் தட்டேந்தி
மலையேறி வந்தால் சிலோன்காரி.
மகளின் சாதிச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸில்
ஒன்பது முறை: பூர்வீகம் எது, காகிதம் எங்கே.
இன்றைக்கு வயிற்றிடம் கேட்கிறார்கள்.
அது உடனே சொல்லிவிட்டது.

நடுவட்டத்தில் பஸ் நின்றது.
ஒரு வடையில் கால்வாசி.
அதற்குமேல் இடமில்லை என்றது
குடியேறியவர்கள் நிறைந்த உள்ளே.
டீ மட்டும் குடித்தேன். கசந்தது; யார் பறித்ததோ.

செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கி வைத்தேன்.
தொடையில் உரித்துக் குதிகாலில் ஒட்டிய தோல்
வேறு நிறத்தில், வெளிறி,
வந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது.
ஆறு வருஷமாய் என்னைத் தாங்குகிறது
கூச்சம் மட்டும் இன்னும் வரவில்லை.

கிள்ளினேன்.
கண்டக்டர் கூடலூர் கூடலூர் என்றார்.
இன்னொரு முறை, நகம் பதிய.