எட்டு வெள்ளிக் கொசுவம்

லோரோங் கூலிட் சந்தையில்
துருப்பிடித்த கத்தரிக்கோல்களுக்கும்
வாய் திறந்த கேசட் ரேடியோவுக்கும் நடுவே
நீலத் தார்ப்பாயில் ஒரு குவியல்.
தோள்வரை கையை விட்டுத் துழாவுகிறேன்.

பண்டல் துணிக்கென்று ஒரு வாசனை:
கப்பல், பாச்சை உருண்டை,
யாரோ ஒருத்தியின் அலமாரி.
ஒற்றைக் காலுறை. பள்ளிக்கூடச் சட்டை.
பனிக்காலக் கோட்டு ஒன்று
(பினாங்கில் இதை யார் போடுவது?)
அதற்கும் அடியில்
விரலில் தட்டியது,
வழுக்கலாக, தடிமனாக, மீன்போல.

இழுத்தேன். வந்தது.
கரும்பச்சை. வெள்ளைப் பொட்டுகள்.
வயிற்றுக்கு நேரே குறுக்காகப் பதினொரு கொசுவம்.
எண்ணித்தான் சொல்கிறேன்.
பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில்
பதினெட்டு வருசமாக எண்ணுவதுதான் என் வேலை.

பழைய எலாஸ்டிக்கைக்
காதருகே வைத்து இழுத்துப் பார்க்க வேண்டும்.
அப்பளம் நொறுங்கினால் திரும்ப வைத்துவிடு.
சத்தமே இல்லையென்றால்
முகத்தில் ஒன்றும் காட்டாமல் விலை கேள்.

"பத்து" என்றார் காக் ஸலேஹா, அட்டையால் விசிறிக்கொண்டே.
"அஞ்சு."
"ஜப்பான் சாமான். எட்டு. போட்டுப் பாத்துட்டுப் பேசு."

எங்கே போட்டுப் பார்ப்பது?
விற்பனைக்கு நின்றது ஓர் அலமாரி, கதவில் கண்ணாடி.
டிராக் பேண்ட்டுக்கு மேலேயே
டீ சட்டைக்கு மேலேயே
ஏற்றிக்கொண்டு நின்றேன்.
சைக்கிள் டயர் விற்பவர் சட்டென்று
வானத்தில் எதையோ தேடத் தொடங்கினார்.

போன மாதம் ஒரு மாலில்
அந்தச் சின்ன அறை, அந்த வெள்ளை வெளிச்சம்,
மூன்று பக்கமும் நான்.
தீப்பெட்டிக்குள் மடிந்துவிடும் ஒரு நீச்சலுடை கேட்டது:
மீதியை எங்கே வைக்கப்போகிறாய்?
நூற்று அறுபத்தொன்பது வெள்ளிக்கு
அந்தக் கேள்வியை நான் வாங்கவில்லை.

இது கேட்கவில்லை.
இதைத் தைத்தவளுக்கு வயிறு இருந்திருக்கிறது.
பிள்ளை பெற்ற உடம்பும்
இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்ட உடம்பும்
தண்ணீருக்குப் போகும் என்று தெரிந்திருக்கிறது.
என் இரண்டு ஆபரேஷன் தழும்புகளும்
பதினொரு கொசுவத்துக்குள்
பேசாமல் போய் உட்கார்ந்துகொண்டன.
எனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதை
நாற்பத்து நான்கு வயதில்
யாரோ வாங்கப்போகும் அலமாரிக் கதவில் பார்த்தேன்.

காக் ஸலேஹா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு
சுற்றி வந்து பார்த்தார்.
"நான் போட மாட்டேன்.
ஆனா பொருந்துது."

வீட்டில் திருப்பிப் பார்த்தேன்.
இடது தோள்பட்டியில் சிவப்பு நூலால் ஓர் ஒட்டு.
அவசரத் தையல். பல்லால் கடித்த முடிச்சு.
எங்கள் லைனில் இது ரிஜெக்ட்.
பிரிக்காமல் அப்படியே விட்டேன்.

ஞாயிறு, பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்பு,
மூன்றாம் வாரம், பாடம்: மிதப்பது.
"கூரையைப் பார், காலை மறந்துவிடு" என்றார் கோச் ஹோ.
ஏழு எண்ணும்வரை மறந்தேன்.
எட்டில் ஞாபகம் வந்து முழுகினேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்.
நெஞ்சுப் பக்கம் இரண்டு ஸ்பாஞ்சுக் கிண்ணங்கள்,
அந்தக் காலத்துப் பெருமிதம்.
ஏணியில் ஏறுகையில்தான் தெரிந்தது
இரண்டும் பாதிக் குளத்தைக் குடித்திருந்தன.
நடந்த இடமெல்லாம் என்னிலிருந்து இரண்டு அருவி.
விமலேஸ்வரி சிரித்த சிரிப்பில்
மூக்கில் தண்ணீர் ஏறி இருமினாள்.
அவளைத் தட்டிக்கொடுக்கக் குனிந்தேன்,
இன்னும் கொஞ்சம் ஊற்றியது, அவள் தலையிலேயே.

இப்போது
பன்னிரண்டாம் மாடிக் கம்பில் தொங்குகிறது,
மகனின் ஜெர்சிக்கும் என் யூனிஃபார்முக்கும் நடுவில்.
கீழ் வீட்டிலிருந்து குரல்:
"அக்கா, உங்க துணி சொட்டுது!"
"தெரியும்."
"காலையிலேர்ந்து சொட்டுது!"
"தெரியும்மா," என்கிறேன்,
"அது அப்படித்தான்."