முப்பத்தெட்டு விழுக்காடு

மஸ்கட். குறும் கடற்கரை ஓட்டலின் இரண்டாம் மாடி.
ஏ.சி. பதினெட்டில்.
நீள்மேசையில் தீவுக்கு நாற்காலி இல்லை,
தீவை வைத்திருக்கும் நாட்டுக்கு ஆறு.
ஆறாவதன் முதுகுக்குப் பின்னால், சுவரோரம்,
ஒடெலியா மார்ஷ்,
மடியில் பதினொரு சூரைமீன் டின்களோடு.
பன்னிரண்டு கொண்டுவந்தாளாம்.
ஒன்றை விமான நிலையத்தில் குத்திப் பார்த்தார்கள்.

நான் கணக்குப் பார்க்க வந்தவன், நாகூர்க்காரன்.
எக்ஸெலைத் திறந்து வைத்திருப்பேன்,
கேட்டால் மட்டும் எண் சொல்வேன்.

"தீர்வையில்லாமல் உள்ளே வர
சரக்கின் விலையில் நாற்பது விழுக்காடு
அந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும்"
என்றார் ஹிலால் அல் ரவாஹி,
கோபமில்லாமல்,
பேரீச்சங்கொட்டையைத் தட்டோரம் ஒதுக்கியபடி.

மீன் யாருடையது?
பிற்பகல் மூன்று வரை அதிலேயே போனது.
கடல் தீவினுடையது,
பாதிப் படகுகளில் பறப்பது வேறு கொடி.
சரி, பாதி மீன் தீவுக்கு என்றார்கள்.
தகரம் கொரியா. எண்ணெய் மலேசியா.
லேபிள் அச்சானது இங்கேதான், ருவியில்,
என் அறைக்குக் கீழேயுள்ள கடையில்.
மிச்சம் உப்பும் தண்ணீரும்
முள்ளெடுக்கும் நூற்று அறுபது பெண்களின் கூலியும்.

தட்டினேன். முப்பத்தெட்டு.
மறுபடி தட்டினேன்.
முப்பத்தெட்டேதான்.

"கூலியைக் கூட்டிக் காட்டினால்?"
என்றது ஆறாவது நாற்காலி.
யாரும் சிரிக்கவில்லை.
எனக்கு அப்போதுதான் உறைத்தது:
அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கொடுத்திருந்தால்
அந்த இரண்டு தானே வந்து உட்கார்ந்திருக்கும்.

ஒடெலியா ஒரு சீட்டு எழுதினாள்.
தோள் தோளாய்க் கடந்து முன்வரிசைக்குப் போனது.
வாங்கியவர் படித்தார்,
மடித்துத் தண்ணீர்க் குவளைக்கு அடியில் வைத்தார்.
கொஞ்ச நேரத்தில் மேசைவிரிப்பில்
நீலமாய் ஒரு வட்டம்.

மஃரிபுக்கு முன் முடிந்துவிட்டது.
மூன்று வருடத்துக்கு முப்பத்தைந்து போதும்.
பதிலுக்கு அந்தக் கடலில்
இவர்களுடைய எட்டுக் கப்பல்கள்.
ஷரத்து பதினான்கு, அடிக்குறிப்பு இரண்டு.
அந்த எட்டும் அள்ளுகிற மீனை
எந்தப் பத்தியில் ஏற்றுவது என்று
நான் கேட்கவில்லை.
கேட்டால் மட்டும் சொல்பவன்.

கை குலுக்கியவர்கள் போனபின்
ஒடெலியா ஆளுக்கொரு டின் கொடுத்தாள்,
தேநீர் ஊற்றிய பையனுக்கும்.
சீட்டில் என்ன எழுதினாய் என்றேன்.
"எங்கள் பேரைச் சரியாக எழுதச் சொன்னேன்,
ஓர் எழுத்து தப்பு."

இரவு ருவியில் குபூஸ் வாங்கி டின்னைத் திறந்தேன்.
உப்பு ஒரு பிடி தூக்கல்.
மூன்றாம் வாயில் நறுக்கென்று
ஒரு முள்.
நூற்று அறுபது பேரில் ஒருத்திக்கு
அன்றைக்கு என்னவோ அவசரம்.