பெயர் மறைத்த நோயாளி

வியாழன், மதியம் ஒன்றரை. வின்னிபெக்கில்
மைனஸ் இருபத்தெட்டு.
இரண்டாம் ஆண்டு மாணவர்கள் பதினொரு பேர்
பூட்ஸில் ஒட்டிய பனியோடு வந்து உட்கார
தரையெல்லாம் சின்னச் சின்னக் குளம்.

பலகையில் ஒரு நெஃப்ரான் வரைந்தேன்.
அதன் கொண்டை ஊசி வளைவு
எனக்கு எப்போதும் கோணலாகத்தான் வரும்.

ஒரு நாளைக்கு நூற்றெண்பது லிட்டர் வடிகிறது.
வெளியே போவது ஒன்றரை.
மிச்சம்?

எதை எறிவதென்று சிறுநீரகம் யோசிப்பதில்லை.
சாமான் அத்தனையையும் முதலில் வாசலில் வைத்துவிடும்.
பிறகு பதறியடித்துக்கொண்டு
தண்ணீர், சர்க்கரை என்று ஒவ்வொன்றாய்
உள்ளே தூக்கி வரும்.
உப்பை அது உள்ளளவும் நினைக்கும்.

வீண் வேலைதானே, என்றான் ப்ரோடி கொவால்சக்.

வீண்தான். ஆனால்
பேர் தெரியாத நஞ்சைக்கூட
அது அடையாளம் காண வேண்டியதில்லை.
திரும்பப் போய் எடுக்காமலிருந்தால் போதும்.

அடுத்த படம்.
பெண், வயது நாற்பத்து மூன்று.
கிரியேட்டினின் நூற்று அறுபத்தெட்டு.
சிறுநீரில் நுரை, புரதம்.
பெயரையும் பிறந்த தேதியையும்
கறுப்புப் பட்டையால் மறைத்தது நான்,
நேற்றிரவு, சமையலறை மேசையில்,
குக்கர் விசிலை எண்ண மறந்து.

முப்பத்து மூன்று சதவீதம், கணக்குப் போட்டாள் ஒருத்தி.
ஐந்து வருடம், அப்புறம் டயாலிசிஸ், என்றான் ப்ரோடி.
பொட்டாசியத்தை விட்டுவிட்டாய், என்றேன்.
குரல் சரியாகத்தான் இருந்தது.
ஆறு என்றும் சொல்லலாம், என்றான்
மீன் கடையில் பேரம் பேசுகிறவன்போல.
அந்த ஒரு வருடம் எனக்குப் பிடித்திருந்தது.

இது அவருக்குத் தெரியுமா?

கேட்டது பின்வரிசை மிரேய் ஷார்த்ரான்.
பன்னிரண்டு வருடமாக இதே பாடம்,
இதே அறை. தேர்வில் வராத இந்தக் கேள்வி
இதுவரை வந்ததில்லை.
வெளியே நகராட்சி லாரி
சாலையில் மணல் தூவிப் போனது.
இந்தக் குளிரில் உப்புக்கு வேலையில்லை.

தெரியும், என்றேன்.

என்ன சொன்னார்?

ஊறுகாயை மட்டும் விட முடியாதாம்.

சிரித்தார்கள். நானும்.

எல்லோரும் போன பிறகு பலகையைத் துடைத்தேன்.
அந்த வளைவு மட்டும் லேசாகத் தங்கிவிட்டது.
மிரேய் தன் நாற்காலிக்கடியில் குந்தி
பூட்ஸ் தண்ணீரைக் காகிதத்தால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.
யாரும் அதைச் செய்வதில்லை.

நிமிராமலே கேட்டாள்:
நீங்கள்தானே, அடுத்த வியாழனும்?

நான்தான், என்றேன்.