ஒற்றைக்கால் கணக்கு

முதல் தடவை பிசகியது டானிங்டன் இறக்கத்தில்.
அப்போது காலுக்குக் காரணங்கள் இருந்தன:
மழை, பாசி, பின்னால் குரைத்த நாய்.
நான்காவது தடவை
சமதளத்தில், வங்கி வாசலில்,
ஒன்றுமே இல்லாத இடத்தில் மடங்கியது.
பார்த்தவர் ஒருவர் குனிந்து
தரையைத்தான் தேடினார், பாவம்,
அங்கே ஏதாவது இருந்திருக்க வேண்டும் என்று.

ஏழுக்கப்புறம் எண்ணுவதை விட்டேன்,
எண்ணுவதுதான் வேலை என்றாலும்.
அரவேணு தொடங்கிக் கீழே
நானூற்றுச் சொச்சம் மின்மீட்டர்கள்.
பள்ளத்தில் வீடு கட்டுகிறவர்கள்
மீட்டரை மட்டும் வானத்தில் மாட்டுகிறார்கள்.
சாக்கடை விளிம்பில் இடது கால்,
வலது கால் அந்தரத்தில்,
எம்பி யூனிட் படிக்க வேண்டும்.
பிசகுவது எப்போதும் இடது.

"லிகமெண்ட் தளர்ந்துபோச்சு, யோகராணி அக்கா,"
என்றாள் பெனில்டா. பிசியோ. நாகர்கோவில்காரி.
ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டிருப்பவள்.
"அது மட்டுமில்ல. உங்க பாதம் எங்க இருக்குன்னு
உங்களுக்கே லேட்டாத்தான் தெரியுது."
அன்றிரவு முழுக்க அந்த ஒரு வரி.
முப்பத்தெட்டு வருஷமாய்க் கூடவே நடந்த பாதம்
தன் சேதியைத் தபாலில் போடுகிறது;
நான் விழுந்தபின் வந்து சேர்கிறது.

கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னாள்.
இந்த வேலைக்குப் போகத்தான் வேண்டும் என்று
வீட்டில் நான் நிற்காத ஒற்றைக்காலா?
ஆனால் இங்கே ஒன்பது வினாடி.
பிறகு டேப் சுற்றினாள்.
கெண்டைக்குக் கீழே ஒரு வளையம்,
குதிகாலுக்கு அடியில் லாடம்,
குறுக்கே எட்டு, அதன்மேல் இன்னொரு எட்டு.
அவள் சர்ரென்று கிழிக்கும்போதெல்லாம்
அடுத்த கட்டிலில் ஒரு குழந்தை சிரித்தது.
மறுபடி கண்ணை மூடினேன்.
பதினொன்று.

"ரெண்டு வினாடி," உதட்டைப் பிதுக்கினாள்.
"ரெண்டாம் தடவைன்னாலே கூடும்க்கா. டேப்னாலன்னு சொல்ல முடியாது."
பொய் சொல்லத் தெரியாதவள்.
எனக்கோ காலை யாரோ பிடித்திருந்தார்கள்,
கைப்பிடிச் சுவரில்லாத படிக்கட்டில்
சுவர் இருப்பதாய் இருந்தது.
"அப்போ சுத்திக்கங்க. ஆனா
பல் தேய்க்கிறப்போ ஒத்தக்கால்ல நில்லுங்க, தினமும்.
அதுதான் மருந்து."
நின்றேன், வாய் நிறைய நுரையோடு.
மகள் கைபேசியில் நேரம் பிடித்து
வேண்டுமென்றே சிரிக்க வைப்பாள்.

அப்புறம் அந்தப் புதன்கிழமை.
மூடுபனி, மூன்று மணிக்கே விளக்கு.
எஸ்டேட் கோடியில் ஆளில்லாத வீடு.
எம்பி நின்று நான்கு இலக்கம் படித்தாயிற்று.
ஐந்தாவதற்குள்
பின்னால் மூச்சு.
மனித மூச்சு அவ்வளவு அகலம் இருக்காது.
தேயிலைக்கும் எனக்கும் நடுவே
காட்டெருமை.
முட்டிவரை வெள்ளைக் காலுறை,
நான்கு கால்களுக்கும் பெனில்டா
டேப் சுற்றி அனுப்பியதுபோல்.

வலது காலை இறக்கினால் சரளைக்கல் பேசும்.
இறக்கவில்லை.
யாரும் எண்ணவும் இல்லை.
இடது கணுக்கால் நடுங்கியது, திருத்தியது,
நடுங்கியது, திருத்தியது,
அன்றைக்கு மட்டும்
அதன் சேதி கைமேல் வந்துகொண்டே இருந்தது.
அது மேரக்காய்க் கொடியை இழுத்து இழுத்து,
அவசரமே இல்லாமல் தின்று
ரோட்டைக் கடந்தது.
கடக்கையில் பின்னங்கால் ஒன்று
ஈரத்தில் லேசாய் வழுக்கிற்று.
ஆனைக்கும் என்பார்கள். இதற்கும்தான்.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினால்
திங்கட்கிழமை சுற்றிய டேப்
பாதி தோலில், பாதி சாக்ஸில்,
நனைந்து சுருண்டு கிடக்கிறது.
எப்போது விட்டுப்போனது?
எருமைக்கு முன்பா, பின்பா?
பெனில்டாவிடம் சொன்னால்
நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்வாள்.
சொல்வதா என்று இன்னும் யோசனை.
அந்த ஐந்தாவது இலக்கமும் எழுதவில்லை.
நாளைக்கு மறுபடி
அதே விளிம்பில் ஏற வேண்டும்.