நகல் நீக்கம்

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
ஒப்பந்த வேலை, மாதம் பதினெட்டாயிரம்.
ஐந்து வருட மனுக்களை வெக்டராக்கிவிட்டு
ஓசூருக்குப் போய்விட்டான் பிரகலாதன்.
கடவுச்சொல் தந்தான். பாதை சொல்லவில்லை.

கிளையன்ட்டைத் திறந்து
தொகுப்புகளைக் காட்டு என்கிறேன்.
வருகிறது
இரண்டு சதுர அடைப்பு, நடுவில் ஒன்றுமில்லை.

அடிவயிறு கலங்கியது. நாற்பதாயிரம் மனு!
டீ ஆறி ஆடை கட்டிய பிறகுதான் கண்ணில் பட்டது,
ஃபோல்டர் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
தப்பான வாசலில் தட்டினாலும்
இது தப்பு என்று சொல்வதில்லை.
நின்ற இடத்திலேயே ஒரு காலி வீட்டைக் கட்டி
உள்ளே வாங்க என்கிறது.
கலெக்டர் ஆபீசில் வரிசை மாறி நின்றவர்களுக்கு
இந்த மரியாதை பழக்கம்.

திருத்தினேன். ஐந்து பெயர்கள்.
பட்டா. குடிநீர். உதவித்தொகை. இதர.
சோதனை2.
பெயர்கள் மட்டும்தான். உள்ளே எத்தனை என்று
ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்க வேண்டும்.
பட்டா பதினாறாயிரத்துச் சொச்சம்.
பாதி ஊர் ‘இதர’வில் இருந்தது.
சோதனை2-இல் ஒரே வரி: வணக்கம் டா.

‘இதர’வின் முதல் பத்தை எட்டிப் பார்த்தேன்.
மனு இருக்கிறது, தேதி இருக்கிறது,
வெக்டர் இருக்க வேண்டிய இடத்தில் ‘இல்லை’.
மறுபடி டீ.
அதையும் சேர்த்துக் கொடு என்று
வாய்விட்டுக் கேட்டால்தான் தருமாம்.
கேட்டேன்.
மனு ஒன்றுக்கு முந்நூற்று எண்பத்து நான்கு எண்கள்,
திரை முழுக்க எறும்பு.

நாவுக்கரசு சார் சொன்ன வேலை சுலபம்:
ரொம்பக் கிட்ட இருப்பதெல்லாம் நகல்.
ஒன்றை வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிடு.
திங்களுக்குள்ள எண்ணிக்கை குறையணும்.

‘துர்நாற்றம்’ என்று தேடினேன்.
யாரும் அப்படி எழுதுவதில்லை, வாடை என்றுதான் எழுதுகிறார்கள்.
வாடையைக் கண்டுபிடித்துத் தந்தது.
கூடவே சோனங்குப்பத்தில் ஒருவர்
வாடைக்காற்றில் போன வலைக்கு
நிவாரணம் கேட்டதையும் தந்தது.
அது கிடக்கட்டும்.
முதல் ஒன்பதும் ஒரே கை.

அஞ்சலாட்சி, கணவர் பெயர் கலியபெருமாள்.
‘ராத்திரி பத்து மணிக்குமேல வாடை வருதுங்க
சின்னவளுக்குக் கண்ணு எரியுது
சன்னலைச் சாத்தினா வேர்க்குது.’
இடைத்தூரம் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு.
நகல்தான், சந்தேகமே இல்லை,
தேதிகளைப் பார்க்காதவரை.
ஒன்பது திங்கட்கிழமைகள்.
போக வர பதினெட்டு பஸ் டிக்கெட்.
ஒன்பதிலும் நிலை: முடிக்கப்பட்டது.

ஒன்பதாவதில் சின்னவள்
பண்ருட்டியில் பெரியம்மா வீட்டில் இருக்கிறாள்.
அத்தனை எண்களில் அது எதை அசைத்ததோ,
நான் பார்த்தேன், எனக்குப் பிடிபடவில்லை.

பெயரை வைத்து வடிகட்டினேன்.
பத்து வந்தது.

தேடலுக்குச் சிக்காத அந்தப் பத்தாவது
ஒரு முழுத்தாள் ஸ்கேன், மேலே டோக்கன் எண்,
நடுவில்
‘ஐயா, அதேதான்.’

அந்த வரியில் வாடை இல்லை. கண் இல்லை, சன்னல் இல்லை.
இதற்கு அக்கம்பக்கம் யார் என்று கேட்டேன்.
‘முன்னே சொன்னதுதான்.’
‘போன தடவை எழுதினேனே.’
‘உங்களுக்கே தெரியும் சார்.’
ஒருவர் சாக்கடைக்கு வந்தவர், ஒருவர் தெருவிளக்குக்கு,
மூன்றாமவர் எதற்கு வந்தார் என்று
எங்குமே இல்லை.
முன்பின் அறியாதவர்கள்
ஒரே மூலையில் தோள் இடிக்க நிற்கிறார்கள்.

நீக்குகிற வரியை எழுதி வைத்திருந்தேன்.
அதன் தலையில் ஒரு ஹேஷ் போட்டு
ஓடாமல் நிறுத்தினேன்.
சோதனை2-ஐயாவது அழிக்கலாம் என்று போனேன்,
வணக்கம் டா என்றது,
விட்டுவிட்டேன்.

எண்ணிக்கை குறையவில்லை.
இன்று ஞாயிறு.
நாளை ஒன்பதரைக்கு டோக்கன் கொடுக்க ஆரம்பிப்பார்கள்.