ரப்பர் தூள்

ஹான்காக் நூலகத்தில் அந்தப் பிப்ரவரி முழுக்க
எனக்குக் கொடுத்த வேலை அழிப்பது.

புத்தகத்தில் எழுதாதீர்கள் என்று
முதல் பக்கத்திலேயே முத்திரை இருக்கிறது.
அதன் கீழே பென்சிலால் ஒருத்தி
'சரி' என்று எழுதியிருக்கிறாள்.

அட்டையில் ஒரு பெண், ஒரு ஓநாய்,
தேவைக்கு மிஞ்சிய நிலா.
பதினோரு வருடத்தில் நூற்று நாற்பது வீடுகளுக்குப் போய்
முதுகெலும்பு இரண்டு தரம் ஒட்டப்பட்டுத்
திரும்பிவந்த மூன்றாம் பாகம்.
சிப்ஸ் எண்ணெய். காப்பி வளையம்.
முதல் முத்தத்தின் மேல் ஊதா நகப்பூச்சு.

பக்கம் பன்னிரண்டு.
கதாநாயகனுக்கு இருநூற்றுப் பத்து வயது.
'இன்னுமா அல்ஜீப்ரா பாஸ் பண்ணலை?'
குண்டு குண்டான எழுத்து.
சிரித்தேன், அழித்தேன்.

பக்கம் நாற்பத்தேழு.
அவள் தூங்குவதை அவன்
ஜன்னலுக்கு வெளியே நின்று விடியும்வரை பார்க்கிறான்.
'இது காதல் இல்லை, போலீஸ் கேஸ்.'
அதன் கீழே சாய்வாக இன்னொரு கை:
'நான் ஜன்னலைத் திறந்துவைப்பேன்.'
அதற்கும் கீழே குண்டெழுத்து
(பிடிக்காத புத்தகத்தை மறுபடி இரவல் வாங்கியிருக்கிறாள், பாருங்கள்):
'மைனஸ் இருபதில் திற. சளி பிடிக்கும்.'

அவள் மயங்கிவிழும் இடங்களில் எல்லாம்
யாரோ கோடு போட்டு எண்ணியிருந்தார்கள்.
ஒன்பது.
பத்தாவதில் எண்ணியவருக்கே அலுத்துவிட்டது போலும்,
'இரும்புச்சத்து மாத்திரை' என்று மட்டும் இருந்தது.

ரப்பர் தூளை ஊதி ஊதி
இருநூற்றுப் பன்னிரண்டுக்கு வந்தேன்.
அங்கே ஓநாய்ப்பையன் செத்துப்போகிறான்.
ஓரமெல்லாம் ஒரே சண்டை.
'அழாதே, 230இல் எழுந்து வருவான்.'
'இதைச் சொன்னவள் உருப்பட மாட்டாள்.'
எல்லாவற்றுக்கும் அடியில்
தாளைத் தொட்டும் தொடாமலும் ஒரு கை:
'என் அண்ணன் வரவில்லை.
ஆனாலும் 230 வரை படித்தேன்.'

அதற்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை.

அதை மட்டும் அழிக்கக் கை வரவில்லை
என்று முடித்தால் நன்றாக இருக்கும்.
அழித்தேன்.
சண்டை போட்டவர்களின் எழுத்து பள்ளமாகத் தங்கியது.
இது ஒரே தேய்ப்பில் போயிற்று.

வெள்ளிக்கிழமை டோரிஸ் சொன்னாள்,
புதுப் பிரதி வந்துவிட்டதாம்,
பழசை இருபத்தைந்து சென்ட் பெட்டியில் போடச் சொல்லி.
மாதம் முழுக்கத் தேய்த்த என் விரல்களை
அவளிடம் காட்டினேன்.
காட்டி என்ன.

பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற ரெய்னோ
காதுத்தொப்பியைக் கழற்றாமல்
பெட்டியைக் கிளறினார்.
ஐம்பத்தெட்டு வயது, தாடியில் பனி உருகுகிறது.
எடுத்தவுடன் நாற்பத்தேழைத் திருப்பினார்.
'அழிச்சிட்டீங்களே' என்றார்,
ஜன்னல் வெளிச்சத்தில் தாளைச் சாய்த்துப் பிடித்து.
பள்ளங்கள் தெரிந்தன.
சாய்வெழுத்துப் பள்ளத்தின் மேல்
அவர் விரல் சரியாகப் பொருந்தி ஓடியது.

இத்தனை நாளும் நான் அதை
ஒரு பதினைந்து வயதுப் பெண் என்று நினைத்திருந்தேன்.

பிறகு இருநூற்றுப் பன்னிரண்டு.
இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார்.
'இங்கே ஒண்ணு இருந்தது.
பதில் எழுதலாம்னு ரெண்டு தடவை எடுத்துட்டுப் போனேன்.
ஒண்ணும் தோணலை.'

எனக்கு மனப்பாடம். சொன்னேன்.
அண்ணன் வரவில்லை, ஆனாலும் படித்தேன்.

'"ஆனாலும்" இல்லை' என்றார்.
'"அப்படியும்".
அப்படியும் 230 வரை படித்தேன்.'

நாணயத்தை மேசையில் வைத்தார்.
வெளியே அவர் வண்டியின் மஞ்சள் விளக்கு
இன்ஜினை நிறுத்தாததால்
சுற்றிக்கொண்டே இருந்தது.